கண்டியில் ஒராபி பாஷாவின் இல்லம்

நுவரெலியாவிலிருந்து பிள்ளைகளைக் கண்டிக்குச் சுற்றுலா கூட்டிச்செல்லும் ஆசிரியர்கள், தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் காட்டிவிட்டுத் திரும்புவதே வழக்கம். ஹலொலுவ வீதியில் எகிப்தின் ஒராபி பாஷா வாழ்ந்த இல்லம் அவர் நினைவாகப் பேணப்பட்டு வருவதைப் பலர் அறியார். சென்ற விடுமுறையில் நான் போய்ப் பார்த்தேன்.

1882இல் தெல் அல்-கபீர் போரில் ஆங்கிலேயரிடம் தோற்ற பாஷா, 1883 ஜனவரியில் தோழர்கள் அறுவருடன் கொழும்புக்கு நாடு கடத்தப்பட்டார். பின்னர் கண்டியில் குடியேறி, 1901இல் தாயகம் திரும்பினார்.

படங்களில் அவரது துருக்கித் தொப்பியே முதலில் கண்ணில் படுகிறது. நம்மவர் நினைவிலும் அதுவே தங்கியிருக்கிறது. 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் தொப்பியணிந்து உயர்நீதிமன்றில் வாதாட மறுக்கப்பட்டபோது சமூகமே கிளர்ந்தெழுந்தது. எழுத்துக்காக நாம் அவ்வளவு கிளர்ந்ததுண்டா?

பாஷாவின் உற்ற தோழர் அறிஞர் சித்திலெப்பை கண்டியைச் சேர்ந்தவர். பாஷா வந்திறங்குவதற்குச் சில கிழமைகள் முன்னர்தான் ‘முஸ்லிம் நேச’னைத் தொடங்கியிருந்தார். 1885இல் அவர் வெளியிட்ட ‘அஸன்பேயுடைய கதை’, ஈழத்தின் முதல் தமிழ் நாவலெனக் கொள்ளப்படுவது. அதன் நாயகன் எகிப்தில் பிறந்தவன். 1892இல் இருவரும் முன்னின்று மருதானைப் பள்ளிவாசலருகே தொடங்கிய மத்ரஸாவே இன்றைய ஸாஹிரா. என் மதிப்பில் பாஷா இங்கு விட்டுச்சென்ற பெருஞ்சொத்து அதுதான்.

சித்திலெப்பை கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை திறந்தார். சாதாரண தரப் பரீட்சை எழுதாமலே நின்றுவிட்ட என் மாணவி ஒருத்தியின் வாப்பாவிடம் இதைச் சொன்னேன். தொப்பிக் கதை அவருக்குத் தெரிந்திருந்தது. இதைக் கேள்விப்பட்டதே இல்லையாம்.