குராரே வந்த வழி

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது வடநெம்மேலி. அங்கே முதலைப் பண்ணை வளாகத்துக்குள், பாம்புத்தோல் வணிகம் நின்றபின் பிழைப்பு தேடிய இருளர்களுக்காக 1978-இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. வயல்வரப்பில் பிடித்த நல்லபாம்பைப் பானையில் வைத்திருந்து, சில தடவை விஷம் எடுத்து, திரும்ப விட்டுவிடுவார்கள். உலர்த்திய விஷம் விஷமுறிவு மருந்து தயாரிப்பவர்களுக்குப் போகிறது.

நல்லபாம்பு கடித்தால் முதலில் இமை கவிழும், பிறகு பேச்சு குழறும், கடைசியில் மூச்சு நிற்கும். நரம்பு அனுப்பும் அசிடைல்கோலின் தசையில் போய்ச் சேரவேண்டிய இடத்தை விஷம் பிடித்துக்கொள்கிறது. வேறு சாவியை நுழைத்து உள்ளேயே ஒடித்துவிட்ட பூட்டின் கதைதான்.

இதே பூட்டை அடைக்கும் இன்னொரு விஷம் தென்னமெரிக்கக் காட்டுக் கொடிகளில் ஊறியது. குராரே என்று பெயர். வேட்டைக்காரர்கள் அதை அம்பு நுனியில் தடவினார்கள். 1812-இல் கயானா போன சார்லஸ் வாட்டர்டன் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். 1814-இல் ஒரு பெண் கழுதைக்கு அதைச் செலுத்தி, மூச்சு நின்றதும் துருத்தியால் காற்று ஊதினார்கள். கழுதை பிழைத்தது, அதன்பின் இருபத்தைந்து வருஷம் வேலையில்லாமல் மேய்ந்தது. மருத்துவ வரலாற்றில் பென்ஷன் வாங்கிய ஒரே கழுதை இதுவாகத்தான் இருக்கும்.

பிரான்ஸில் கிளாட் பெர்னார், தவளைகளை வைத்து, விஷம் தாக்குவது நரம்பும் தசையும் சேரும் இடத்தை என்று காட்டினார். 1940-இல் அமெரிக்க மனநல மருத்துவர் பென்னட், வலிப்பு உண்டாக்கிச் செய்யும் சிகிச்சையில் எலும்பு முறியாமலிருக்க இதைக் கொடுத்தார். 1942 ஜனவரி 23 அன்று மான்ட்ரியாலில் ஹெரால்டு கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும் குடல்வால் ஆபரேஷனில் பயன்படுத்தினார்கள். அன்றுதான் விஷம் மயக்க மருத்துவரின் தட்டில் ஏறியது.

ஆனால் இது மயக்க மருந்து அல்ல. மருத்துவர் ஸ்காட் ஸ்மித் தன் உடம்பிலேயே செலுத்தச் சொல்லிச் சோதித்து, 1947-இல் எழுதினார்: விரல்கூட அசையவில்லை, நினைவோ வலியோ குறையவும் இல்லை. தசை தளர்த்தி மட்டும் போட்டால் நோயாளி கண்ணைத் திறக்க முடியாமல் எல்லாவற்றையும் உணர்ந்துகொண்டிருப்பார். இதைவிடக் கொடுமையான ஆபரேஷனை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

குராரேயின் வேலையைச் செய்யும் ரோக்யூரோனியம், அட்ராக்யூரியம் போன்ற செயற்கை மருந்துகள் இப்போது கட்டிகளை அழிக்கும் ஒரு புதிய சிகிச்சைக்கும் வந்திருக்கின்றன. 2005-இல் டவலோஸ், மிர், ரூபின்ஸ்கி ஆகியோர், வெப்பத்தை நம்பாமல் வெறும் மின்துடிப்பால் கட்டியின் செல்சவ்வில் மூடாத ஓட்டைகளைப் போடலாம் என்று எழுதினார்கள். கட்டியைச் சுற்றி ஊசிகள், 3,000 வோல்ட் வரை, ஒரு துடிப்பு 100 மைக்ரோவினாடிக்குள். சூட்டால் கருக்கும் முறைக்கு எட்டாத பெரிய ரத்தக்குழாய் ஓரத்துக் கட்டிகளுக்கு இது உதவும். ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் உடம்பு தூக்கிப்போடும், ஊசி இடம் மாறும். அதனால் முழு மயக்கமும், ஆழமான தசைத் தளர்வும், செயற்கைச் சுவாசமும் கட்டாயம்.

இதயத்தைத் தசை தளர்த்தி காப்பாற்றாது. அங்கே வேறு ஏற்பாடு: ஈசிஜியில் ஆர் அலை எழுந்தபின், அடுத்த தூண்டலுக்கு இதயம் பதில் சொல்ல முடியாத அந்தக் கணநேரத்தில் மட்டும் மின்துடிப்பு போகும்படி கருவியைக் கட்டுவார்கள். இதயத்தாளம் ஒழுங்கில்லாதவர்களுக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் பொதுவாக இந்தச் சிகிச்சையைத் தவிர்க்கிறார்கள். டிஃபிப்ரிலேட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ரத்த அழுத்தம் திடீரென எகிறுவதும் உண்டு.

வேலை முடிந்ததும் தளர்வை நீக்கக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று நியோஸ்டிக்மின். நல்லபாம்புக் கடிக்கு அட்ரோபினோடு சேர்த்துப் போடும் ஊசியும் அதுவே. பிறகு மணிக்கட்டு நரம்பில் சின்ன மின்சாரத்தை நான்கு தடவை கொடுத்துக் கட்டைவிரல் துடிப்பதைப் பார்ப்பார்கள். நான்காவது துடிப்பு முதல் துடிப்பில் 90 சதவீதமாவது எழும்பினால்தான் மூச்சுக்குழாயிலிருந்து டியூபை எடுப்பார்கள்.