சமவெளிச் சாலையும் கிரவுன்-பினியனும்: ஹெரால்டு குடும்ப வண்டிகளில் இறுதி விகித மாற்றம், காரைக்கால் சாலைகளை முன்வைத்து

1. ஆய்வுப் பொருள்

கியர் பெட்டியிலிருந்து வரும் சுழற்சியைப் பின்சக்கரத்துக்கு மாற்றிக் கொடுக்கும் கடைசிப் படி, டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன்-பினியன் ஜோடி. கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் கிடைப்பதே இறுதி விகிதம். 37 பல்லுள்ள கிரவுனை 9 பல்லுள்ள பினியன் சுழற்றினால் விகிதம் 4.11.

இந்த எண்ணைக் குறைத்தால் அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகச் சுற்றும். கூட்டினால் இழுவை கூடும். மலையே இல்லாத ஊரில் இழுவை எதற்கு, எண்ணைக் குறைத்துவிடலாமே என்பது பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களின் வாதம். காரைக்கால் போன்ற தட்டையான நிலப்பகுதிக்கு அந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. எடுத்துக்கொண்ட வண்டி

இந்தியாவில் இந்தக் கேள்வியைச் சோதிக்க ஏற்ற வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் இதைத் தயாரித்தது. இங்கிலாந்தில் இதே ஹெரால்டு சேஸியை அடியாகக் கொண்டு டிரையம்ஃப் நிறுவனம் 1962-ல் ஸ்பிட்ஃபயரையும், 1966-ல் ஆறு சிலிண்டர் ஜிடி6-ஐயும் கொண்டுவந்தது. குடும்ப காரும் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே வம்சத்து டிஃபரன்ஷியலைப் பகிர்ந்துகொண்டன, விகிதங்கள்தான் வேறு:

948 சிசி ஹெரால்டு சலூன்: 4.875
ஹெரால்டு 1200, தொடக்க கால ஸ்பிட்ஃபயர்: 4.11
ஸ்பிட்ஃபயர் மார்க் 4: 3.89
ஸ்பிட்ஃபயர் 1500: 3.63
ஜிடி6: 3.27

எஞ்சின் பெரிதாகப் பெரிதாக எண் இறங்கிவருவதைக் கவனிக்க வேண்டும். தயாரிப்பாளர் சாலையை மட்டும் பார்த்து விகிதத்தை முடிவு செய்யவில்லை. எஞ்சினால் எவ்வளவு இழுக்க முடியும் என்று பார்த்தே முடிவு செய்திருக்கிறார்.

3. கணக்கு

13 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் 1.75 மீட்டர் உருளும் என்றும், டாப் கியர் நேர் விகிதம் என்றும் கொள்வோம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 4.875 விகிதமுள்ள எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,710 சுற்று சுற்றும். 4.11-ல் அது 3,130, 3.63-ல் 2,765. காதுக்கும் பெட்ரோல் செலவுக்கும் இது நல்ல லாபம்.

அதன் விலையையும் பார்க்க வேண்டும். 4.875-லிருந்து 4.11-க்கு வந்தால் எல்லாக் கியரிலும் இழுவை ஏறத்தாழ 16 சதவீதம் குறையும்; 3.63-க்கு வந்தால் 25 சதவீதத்துக்கு மேல். கியர் பெட்டியில் ஒரு கியரை மாற்றினால் அந்தக் கியருக்கு மட்டுமே பாதிப்பு. இறுதி விகிதமோ ஃபர்ஸ்ட், ரிவர்ஸ் உட்பட எதையும் விடாது.

உச்ச வேகத்துக்கும் ஒரு விதி உண்டு. எஞ்சின் தன் முழுத் திறனையும் தரும் சுற்றும், வண்டி எட்டக்கூடிய உச்ச வேகமும் ஒரே புள்ளியில் கூடினால்தான் அந்த வேகம் கைக்கு எட்டும். பழைய 948 சிசி எஞ்சின் சுமார் 35 குதிரைத்திறனை 4,500 சுற்றில் தருகிறது. 4.875-ல் அந்தச் சுற்று மணிக்கு 97 கி.மீ.யிலேயே வந்துவிடும், அதற்கு மேல் எஞ்சின் வீணாகக் கத்தும். 4.11-ல் 115 கி.மீ.; இந்த வண்டியின் இயல்பான உச்ச வேகமும் ஏறத்தாழ அதுவே. 3.63-ல் கணக்குப்படி 130 கி.மீ. வரவேண்டும், ஆனால் வராது. காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 80-லிருந்து 100-க்குப் போகவே ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும். 35 குதிரைக்கு அது தாங்காது. ஆகவே 3.63 போட்ட 948, 4.11 போட்டதைவிட மெதுவாகவே ஓடும்.

4. காரைக்கால் சாலை

வடக்கே பூவத்திலிருந்து தெற்கே வாஞ்சூர் வரை தேசிய நெடுஞ்சாலை 32 காரைக்காலைக் கடந்து செல்கிறது. வழியில் மேடு என்று சொல்ல அரசலாறு போன்ற ஆறுகளின் பாலங்களும் அவற்றின் அணுகுசாலைகளும் மட்டுமே. இந்திய சாலைப் பேரவை சமவெளிக்கு வகுத்திருக்கும் வழக்கமான சரிவு 3.3 சதவீதம், அதாவது 30-க்கு 1. ஆளும் சாமானுமாக ஒரு டன் எடையுள்ள வண்டிக்கு இந்தச் சரிவு கூட்டும் சுமை 33 கிலோ. டாப் கியரில் தடுமாறினால் தேர்டுக்கு இறங்கி ஏறிவிடலாம். 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டி மலைப்பாதையோடு இதை ஒப்பிடவே முடியாது. எண்ணைக் குறைக்கலாம் என்ற வாதத்தின் இந்தப் பாதி சரி.

மறுபாதி நிற்காது. இங்கே வண்டியைச் சோதிப்பது மேடு அல்ல, நின்று நின்று கிளம்புவது. கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று ஊர்கள் நெருக்கமாக வரும், வேகத்தடைகளும் வரும். சனிக்கிழமைகளில் திருநள்ளாறு சாலையில் ஃபர்ஸ்ட், செகண்டுக்கு மேல் பெரும்பாலும் வேலை இராது. எண்ணைக் குறைத்த விகிதம் போட்ட வண்டியை அங்கே பாதி கிளட்சிலேயே நகர்த்த வேண்டிவரும். டிஃபரன்ஷியலில் மிச்சம் பிடித்தது கிளட்ச் பிளேட்டில் செலவாகிவிடும்.

5. பந்தயக் களத்தின் சான்று

சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நெடுங்காலம் பந்தயம் நடத்திய சோழவரம் ஒரு பழைய விமான ஓடுதளம்; நீண்ட நேர்கோடு. 1990-ல் வந்த இருங்காட்டுக்கோட்டை ஓடுகளம் 3.7 கி.மீ., வளைவுகள் நிறைந்தது. கோவை கரி ஸ்பீட்வே இன்னும் சிறியது, 2.1 கி.மீ. மூன்று இடமும் சமதரைதான். ஆனால் நேர்கோடு நீண்டால் விகித எண்ணை இறக்குவதும், களம் சுருங்கினால் ஏற்றுவதும் பந்தயக்காரரின் பொது நடைமுறை. பைக் பந்தயக்காரர் பின் ஸ்ப்ராக்கெட்டை மாற்றி அதே காரியத்தைச் சில நிமிடங்களில் முடிக்கிறார். அவர் அளப்பது தரையின் உயரத்தை அல்ல, ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் உள்ள தூரத்தை.

6. மாற்றும் முறை

முழு டிஃபரன்ஷியலாகக் கிடைத்தால் வேலை எளிது. ஹெரால்டில் அது சேஸியோடு பொருத்தப்பட்டு நிற்கிறது. மேலே குறுக்காகக் கிடக்கும் பட்டை ஸ்பிரிங்கையும், ப்ரொபெல்லர் ஷாஃப்டையும், இரு ஆக்சில்களையும் கழற்றினால் இறங்கிவிடும். ஆக்சிலைப் பிடிக்கும் ஃபிளேஞ்சின் அளவு மாதிரிக்கு மாதிரி மாறக்கூடும் என்பதால் வாங்குமுன் அளந்து பார்க்க வேண்டும். 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கஸலுக்கு இந்த வழி பொருந்தாது. அதன் பின் ஆக்சில் ஒரே துண்டான ஹவுசிங்.

கிரவுன்-பினியனை மட்டும் மாற்றுவதுதான் தேர்ந்த கை கேட்கும் வேலை. ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவற்றை ஜோடியாகவே போட வேண்டும். கிரவுனின் சில பற்களில் புரூஷியன் ப்ளூவை மெல்லியதாகத் தடவிப் பினியனைக் கையால் சுற்றினால் தொடுதடம் தெரியும். தடம் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் உள்ளே அதிகம் போயிருக்கிறது. நுனியில் விழுந்தால் போதவில்லை. ஷிம் எனும் மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் தடத்தைப் பல்லின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பற்களுக்கு இடையிலான தளர்வான பேக்லாஷ் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி நிற்க வேண்டும். இதில் சோம்பினால் ஆக்சிலேட்டரை அழுத்தும்போதோ விடும்போதோ ஊளைச் சத்தம் கிளம்பும்.

7. பக்க விளைவுகள்

வேகமானி கியர் பெட்டியிலிருந்து ஓடுவதால் விகிதம் மாறியது அதற்குத் தெரியாது. 4.875-லிருந்து 4.11-க்குப் போன வண்டியில் முள் 60 காட்டும்போது உண்மை வேகம் 71. ஓடோமீட்டரும் அதே அளவு குறைத்துச் சொல்லும். மைலேஜ் கணக்குப் போடுவோர் இதைச் சேர்க்காவிட்டால் லாபமே நஷ்டமாகத் தெரியும். வேகமானியை மறு அளவீடு செய்தே சாலையில் இறக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய நீரில் ஆக்சில் மூழ்கினால் காற்றுத் துளை வழியே நீர் உள்ளே போகும். டிஃபரன்ஷியலில் உள்ள 90 ஆயில் பால் நிறத்துக்கு மாறியிருந்தால் உடனே மாற்ற வேண்டும். புதிதாகப் பொருத்திய ஜோடிக்கு இது இரட்டிப்பு அவசியம்.

8. முடிவு

தரை சமமாக இருப்பது இறுதி விகிதத்தைக் குறைக்க அனுமதி தருகிறது. எவ்வளவு குறைக்கலாம் என்பதை எஞ்சினும் போக்குவரத்துமே தீர்மானிக்கின்றன. காரைக்காலில் ஓடும் 948 சிசி ஹெரால்டுக்கு 4.11 பொருத்தமான எல்லை. ஸ்பிட்ஃபயர் 1500-ன் எஞ்சினையும் சேர்த்துப் போடுபவருக்கு 3.63 நியாயம். சிறிய எஞ்சினை வைத்துக்கொண்டு ஜிடி6-ன் 3.27-க்கு ஆசைப்படுபவர், காசு கொடுத்து வாங்கிய டாப் கியரைப் பயன்படுத்த வழியின்றிப் பெரும்பாலும் தேர்டிலேயே ஓட்ட வேண்டியிருக்கும்.