மின்தூண்டலும் எலும்பாக மாறும் குருத்தணுக்களும்

எலும்பு முறிந்து பல மாதங்கள் கடந்தும் கூடவில்லை என்று மருத்துவர் கூறியிருந்தால், மின்தூண்டல் பற்றியும் ஸ்டெம் செல் சிகிச்சை பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். இவை இரண்டும் ஒன்றல்ல. முன்னது, குறிப்பிட்ட சில நோயாளிகளுக்குப் பல ஆண்டுகளாக அளிக்கப்பட்டு வரும் துணைச் சிகிச்சையாகும். ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களை மின்சாரத்தின் உதவியால் எலும்பு செல்களாக வளர்த்து நோயாளிக்குச் செலுத்துவதோ இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. பணம் செலுத்துவதற்கு முன் இவ்வேறுபாட்டை நீங்கள் அறிந்திருத்தல் அவசியம்.

எலும்புக்கும் மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு?

எலும்பு உயிருள்ள திசு. நடக்கும்போதும் சுமை தூக்கும்போதும் அது கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைகிறது. எலும்பின் மீது அழுத்தம் செலுத்தினால் அதில் சிறிய மின்னழுத்தம் தோன்றுவதை ஜப்பானிய அறிவியலாளர்கள் எய்ச்சி ஃபுகாடா, இவாவோ யசுதா ஆகியோர் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். உயிருள்ள எலும்பின் நுண்குழாய்களில் நீர்மம் அசைவதாலும் இத்தகைய மின்னழுத்தம் உண்டாகிறது.

எலும்பு மஜ்ஜையில் உள்ள ஒரு வகைக் குருத்தணுக்கள் எலும்பாகவோ, குருத்தெலும்பாகவோ, கொழுப்பாகவோ மாறும் திறன் உடையவை. எதுவாக மாறுவது என்பதைச் சுற்றியுள்ள வேதிப்பொருள்களும், அழுத்தம், மின்புலம் போன்றவையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மென்மையான மின்தூண்டல் அளிக்கும்போது செல்லின் உறையிலுள்ள கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. உள்ளே நுழையும் கால்சியம், எலும்பு உருவாக்கத்துக்கான மரபணுக்களைச் செயல்படத் தூண்டும் சைகையாகிறது.

ஆய்வகத்தில் டெக்சாமெத்தசோன், வைட்டமின் சி, பாஸ்பேட் ஆகியவை கலந்த ஊட்ட நீர்மத்தில் குருத்தணுக்களை வளர்த்தால், ஏறத்தாழ மூன்று வாரங்களில் அவை கால்சியத்தைப் படியவிடத் தொடங்குகின்றன. மின்தூண்டலையும் சேர்த்தபோது இம்மாற்றம் விரைவாகவோ மிகுதியாகவோ நிகழ்ந்ததாகப் பல ஆய்வுகள் தெரிவிக்கின்றன. ஆயினும் மின்சாரத்தின் அளவும் நேரமும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகின்றன. அளவு மிகுந்தால் செல்கள் இறந்துவிடும். மேலும், கண்ணாடித் தட்டில் வளரும் செல்லுக்குக் கிருமித்தொற்றும் இல்லை, தடைப்பட்ட இரத்த ஓட்டமும் இல்லை. முறிந்த காலுக்கு இவை இரண்டும் இருக்கலாம்.

இன்று கிடைக்கும் மின்தூண்டல் சிகிச்சை

இச்சிகிச்சையில் உடலுக்கு வெளியிலிருந்து குருத்தணுக்கள் செலுத்தப்படுவதில்லை. முறிவிடத்தில் ஏற்கெனவே உள்ள செல்களைத் தூண்டுவதே நோக்கம். தோலின் மீது வைக்கும் மின்காந்தச் சுருள், தோலில் ஒட்டும் மின்முனைகள், அறுவைச் சிகிச்சை மூலம் உள்ளே பொருத்தும் கருவி என இதில் மூன்று வகைகள் உண்டு. எலும்பு கூடாமைக்கான இத்தகைய கருவிகளுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1979ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. கருவியின் வகையைப் பொறுத்து, நாள்தோறும் சில மணி நேரம் முதல் நாள் முழுவதும் எனப் பல மாதங்கள் பயன்படுத்த நேரிடும். இடையில் விட்டுவிட்டால் பலன் குறையும் என்பதால், வீட்டில் உதவும் பராமரிப்பாளரின் பங்கு பெரிது.

பலன் எந்த அளவு? போலிக் கருவியுடன் ஒப்பிட்ட 15 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான பகுப்பாய்வு, எலும்பு கூடாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 35 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. வலியும் ஓரளவு தணிந்தது; ஆனால் உறுப்பின் செயல்பாட்டில் முன்னேற்றம் காணப்படவில்லை. புதிதாக முழங்கீழ் எலும்பு முறிந்த 259 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்ட வேறோர் ஆய்வில், மறு அறுவைச் சிகிச்சையின் தேவை குறையவில்லை. எனவே எல்லா முறிவுக்கும் இது பொருந்தும் என்று எண்ண வேண்டாம். முறிந்த முனைகள் அசைந்துகொண்டிருந்தாலோ, இடைவெளி பெரிதாக இருந்தாலோ, மின்தூண்டல் அறுவைச் சிகிச்சைக்கு மாற்றாகாது.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பவர்களும் கருவுற்றிருப்பவர்களும் அதனை மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்க வேண்டும்.

ஸ்டெம் செல் ஊசி போடுவதாகக் கூறினால்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி, குறிப்பிட்ட இரத்த நோய்கள் முதலியவற்றுக்கான இரத்தக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை தவிர, பிற குருத்தணுப் பயன்பாடுகள் முறையான மருத்துவ ஆய்வின் பகுதியாக மட்டுமே நடைபெறலாம். எலும்பு கூடாமை அவ்விலக்கில் அடங்காது. ஆகவே ஒரு மருத்துவமனை இதனைப் பரிந்துரைத்தால், ஆய்வின் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் கேளுங்கள். அந்த எண்ணை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் இணையதளத்தில் நீங்களே கட்டணமின்றிச் சரிபார்க்கலாம். ஆய்வு தொடர்பான செலவை உங்களிடம் வசூலிக்கக் கூடாது. கட்டணம் கேட்டால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம்.

அடுத்த முறை எலும்பு மருத்துவரைச் சந்திக்கும்போது பழைய எக்ஸ்ரே படங்கள் அனைத்தையும் தேதி வரிசையில் எடுத்துச் செல்லுங்கள். முறிவு ஏன் கூடவில்லை என்று முதலில் கேளுங்கள். புகைப்பழக்கம், கட்டுப்படாத சர்க்கரை நோய், வைட்டமின் டி குறைபாடு, கிருமித்தொற்று ஆகியவற்றுள் ஏதேனும் காரணமாயின், எந்தக் கருவியைப் பற்றி யோசிப்பதற்கும் முன் அதற்குச் சிகிச்சை பெற வேண்டும்.