எழுவைதீவில் ஒரு பள்ளிக்கூடம்: கொடுக்கிறவர் ஆவதைப் பற்றிச் சில குறிப்புகள்

கெலமங்கலத்திலிருந்து பெட்டமுகிலாளம் போகிற மலைப்பக்கத்தில் ஒரு கிராமம். கல்லூரி மாணவனாக நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போயிருந்தேன். பத்து நாள். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகியிருக்கவில்லை, எல்லாம் தருமபுரிக் கணக்குதான். பள்ளிக்கூடத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, காவியில் 'கல்வி நம் உரிமை' என்று பெரிதாக எழுதிக்கொண்டிருந்தோம். விறகுச் சுமையோடு வந்த கிழவி ஒருத்தி நின்று பார்த்துவிட்டு, "ஏனப்பா பரீத்தா இதீரா?" என்று கேட்டாள். என்னப்பா எழுதுறீங்க என்கிறாள். எங்கள் கூட்டத்தில் கன்னடம் தெரிந்தவன் ஓசூர்ப் பையன் ஒருத்தன்தான். அவன் சுவரில் இருந்ததை அவள் பாஷையில் சொன்னான். கேட்டுக்கொண்டு தலையாட்டியவள், "மேஷ்ட்ரு எப்போ வருவார்?" என்று திருப்பிக் கேட்டாள். அந்த ஊருக்கு வாத்தியார் வந்து மூன்று வாரமாகியிருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. முகாம் அறிக்கையில் சுவரெழுத்து இடம்பெற்றது. வாத்தியார் வராதது இடம்பெறவில்லை.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்டது. அதற்குப் பிறகு கல்லூரிகள் 'சென்றடையாத' இடங்களுக்குப் போய்க்கொண்டேயிருக்கின்றன. சேவை, விரிவாக்கப் பணி, தத்தெடுப்பு என்று போகிறவர்களிடம் சொற்கள் நிறைய. 'தத்தெடுத்த கிராமம்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பார்த்தால், அங்கே அப்பன் யார் பிள்ளை யார் என்பது முன்பே முடிவாகிவிடுகிறது. தங்கள் ஊருக்கு இவர்கள் வருவதைக் குறிக்க அந்த மலைக் கிராமத்தாரிடம் இருந்த ஒரே சொல் 'கேம்ப்'. வனத்துறைக்காரர்கள் வந்து தங்கினாலும் அதே சொல்தான்.

இந்த இடத்தில் நான் யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. கடலுக்கு வெகுதூரத்தில் உட்கார்ந்துகொண்டு தீவுகளைப் பற்றி எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கல்லூரி தன் மாணவர்களை வைத்துத் தூரத்துத் தீவொன்றில் பள்ளி நடத்திய கதை, தமிழில் நாம் அறிந்தவற்றில் பழையது, அங்கேதான் இருக்கிறது. நம் முகாம்களின் வம்சாவளியை எழுதுவதென்றால் காந்தியிலிருந்து தொடங்குவது மட்டும் போதாது.

வட்டுக்கோட்டையில் உள்ள யாழ்ப்பாணக் கல்லூரியில் 1884இல் ஒரு வாலிபர் கிறிஸ்தவ சங்கம் ஏற்பட்டது. ஆசியாவின் முதல் மாணவர் ஒய்.எம்.சி.ஏ. என்று அதைச் சொல்வார்கள். பிற்பாடு யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான பிராங்க் சாண்டர்ஸ் என்ற இளம் அமெரிக்க ஆசிரியர் அதற்குத் தூண்டுகோல். அந்தச் சங்கத்து மாணவர்கள் எழுவைதீவைத் தங்கள் பணிக்களமாக எடுத்துக்கொண்டு அங்கே ஒரு பள்ளியை நடத்தினார்கள். ஊர்காவற்றுறைக்கு அப்பால், அனலைதீவுக்குப் பக்கத்தில், நடந்தே சுற்றி வந்துவிடக்கூடிய சின்னத் தீவு. தங்களுக்கு வேறு யாரோ பணம் அனுப்பிக்கொண்டிருந்த பிள்ளைகள், தங்கள் கைக்காசைப் போட்டு இன்னொரு இடத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

என்னை இழுத்தது இதுதான். எழுவைதீவுப் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளி என்ன கொடுத்தது என்பது ஒரு கேள்வி. எழுவைதீவு இந்தக் கல்லூரி மாணவர்களுக்கு என்ன கொடுத்தது என்பது அதைவிடச் சிக்கலான கேள்வி. யாழ்ப்பாணமே பாஸ்டனின் கணக்குப் புத்தகத்தில் ஒரு தூரத்துத் தீவு. அமெரிக்கன் போர்டின் ஆட்கள் 1816 முதல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டார்கள். நியூ இங்கிலாந்தின் சின்னச் சின்ன ஊர்ச் சபைகளில் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையாகச் சேர்ந்த காசு இங்கே பள்ளிக்கூடங்களாக மாறியது. அறுபத்தெட்டு வருஷம் வாங்குகிறவர்களாகவே இருந்தவர்கள், கொடுக்கிறவர்களாக மாற வேண்டுமானால், தங்களைவிட எட்டத்தில் ஒரு இடம் வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துக்கு ஒரு தீவு தேவைப்பட்டது.

வாங்குகிற நிலை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு 1837 போதும். மிஷனின் கிராமப் பள்ளிகள் அப்போது யாழ்ப்பாணமெங்கும் பரவியிருந்தன. அவற்றில் பாடம் சொன்னவர்கள் பெரும்பாலும் சைவ வாத்திமார்கள். வேதப் பாடத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் கோயிலுக்கும் போனார்கள். இதை மிஷனரிகள் வருத்தத்தோடு எழுதுகிறார்கள், எனக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் படுகிறது. அந்த வருஷம் அமெரிக்காவில் வங்கிகள் முடங்கின. போர்டு பணத்தைக் குறைத்தது. யாழ்ப்பாணத்தில் 5,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த பள்ளிகள் கலைக்கப்பட்டன. நியூயார்க்கில் வங்கி கதவை அடைத்தால் சண்டிலிப்பாய்ப் பக்கத்துப் பையன் ஏட்டை மூடிவைக்க வேண்டும். 2013 கம்பெனிச் சட்டத்துக்குப் பிறகு, லாபத்தில் 2 சதவீதம் என்ற கணக்கில் சமூகப் பொறுப்பு வந்து இறங்கும் ஓசூர் வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் வேலை செய்யும் நண்பர்கள் இந்தச் சம்பவத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்கர்கள்தான் தீவுகளுக்கு முதலில் பள்ளியைக் கொண்டுபோனார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். புங்குடுதீவு மிடில்பர்க் ஆனது, நயினாதீவு ஹார்லம், அனலைதீவு ராட்டர்டாம். நெடுந்தீவு மட்டும் இன்னமும் ஆங்கிலத்தில் டெல்ஃப்ட்டாகவே இருக்கிறது. கோயில்பற்றுதோறும் பள்ளி வைத்தார்கள். பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குத் தண்டம். வாத்தியார் வைத்திருந்த பள்ளித் தோம்பில்தான் ஞானஸ்நானமும் கல்யாணமும் பதிவாகும். அந்தப் பதிவில்லாமல் சொத்துரிமையை நிலைநாட்டுவது கஷ்டம். எழுத்தறிவைவிட எண்ணிக்கையில்தான் அந்தப் பள்ளிக்கு அக்கறை. 1672இல் வெளிவந்த பால்டேயுஸ் பாதிரியாரின் பெரிய புத்தகத்தில் யாழ்ப்பாணத்துக் கோயில்களும் பள்ளிகளும் ஒவ்வொன்றாக வருகின்றன, தீவுகளையும் சேர்த்து. ஒரு இடத்தைத் தொலைவானதென்று சொல்லிக்கொண்டே அதன் தலைகளை எண்ணுகிற வழக்கம் அவ்வளவு பழையது.

சரி, கல்லூரிக்கு வருவோம். 1823இல் டானியல் பூர் தலைமையில் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி சாதாரண இடமல்ல. ஆங்கிலம், தமிழ், கணிதம், வானசாஸ்திரம் எல்லாம் உண்டு. சி.வை. தாமோதரம் பிள்ளை அங்கே படித்தவர்தான். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டு பேர், அவரும் கறோல் விசுவநாத பிள்ளையும். இருவருமே இந்தச் செமினரியில் படித்தவர்கள். தமிழ்நாட்டு வாசகர்கள் அதிகம் கவனிக்காத இன்னொரு விஷயமும் உண்டு. 1834இல் மதுரையில் அமெரிக்க மிஷன் தொடங்கியதே யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்களால்தான். கூடப் போனவர்களில் யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்களும் இருந்தார்கள். பூர் பின்னர் மதுரைக்குப் போய்ப் பள்ளிகளாகத் திறந்துகொண்டிருந்தார். அதாவது சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்ததாகச் சொல்லிக்கொள்ளும் மதுரை, ஒரு காலத்தில் வட்டுக்கோட்டையின் 'சென்றடையாத பகுதி'. எது மையம் எது விளிம்பு என்பது யார் படகில் ஏறுகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

1855இல் போர்டின் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போன கையோடு செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் படித்த பையன்கள் போதகர்களாகாமல் கச்சேரி உத்தியோகத்துக்கு ஓடுகிறார்கள், தாய்மொழியில் படித்த உள்ளூர் ஊழியர்களே வேண்டும் என்பது அவருடைய வாதம். மெக்காலேயைத் திட்டிப் பழகிய நமக்கு ஆண்டர்சன் சட்டென்று நம்மாளாகத் தெரிவார். கொஞ்சம் பொறுக்க வேண்டும். தாய்மொழி போதும் என்று தீர்மானித்தவர் பாஸ்டனில் இருந்தார். ஆங்கிலம் வேண்டுமென்று கேட்டவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். செமினரியின் பழைய மாணவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து விடாமல் முயன்றதில்தான் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி உண்டாயிற்று. வாங்குகிறவன் வாயைத் திறந்து 'இது வேண்டாம், அது வேண்டும்' என்று சொல்லி நடத்திக்காட்டிய தருணம் அது. அந்தக் கல்லூரியில் பன்னிரண்டு வருஷம் கழித்து எழுவைதீவுக்குப் பள்ளி நடத்தக் கிளம்பிய மாணவர்கள், எழுவைதீவு என்ன கேட்கும் என்று யோசித்திருப்பார்களா? தங்கள் கல்லூரி எப்படி வந்தது என்பதை அவர்கள் அறியாதவர்களல்ல. ஆனாலும் கொடுக்கிற இடத்துக்கு வந்ததும் ஆண்டர்சனின் நாற்காலி தானாக வந்து கீழே பொருந்திக்கொள்கிறது.

சாதியைச் சொல்லாமல் யாழ்ப்பாணத்துக் கல்வியைப் பேச முடியாது. மிஷன் பள்ளிகள் எல்லாருக்கும் என்றுதான் பேச்சு. மேலே போகப் போக வெள்ளாளப் பிள்ளைகள்தான் நிறைந்திருந்தார்கள். கடலைத் தாண்டித் தீவுக்குக் கல்வி கொண்டுபோக முடிந்த சமூகத்துக்கு, வகுப்பறையில் ஒரு பெஞ்சின் தூரத்தைக் கடப்பது வெகுகாலம் முடியவில்லை. 1929-30இல் உதவி பெறும் பள்ளிகளில் சம ஆசனம் கட்டாயமானபோது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. அதுவரை தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் தரையில். எரித்தவர்களும் கல்வியின் அருமை அறிந்தவர்கள்தான், அதனால்தான் எரித்தார்கள். இதே யாழ்ப்பாணக் கல்லூரி வட்டாரத்திலிருந்து 1924இல் ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் மாணவர் காங்கிரசைத் தொடங்கி, தீண்டாமைக்கு எதிராகவும் பேசி, 1927இல் காந்தியை அழைத்துவந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே மண்ணில் நடந்தவை.

தீவார் சும்மா இருந்தவர்களல்ல. தீவு என்றால் துண்டிக்கப்பட்ட இடம் என்பது கரையில் நிற்கிறவனின் பார்வை. தோணி வைத்திருப்பவனுக்குக் கடல்தான் ரோடு. ஊர்காவற்றுறையிலிருந்து பாய்க்கப்பல்கள் நம் கரைக்கு வந்துபோயின. காரைநகர், புங்குடுதீவு, வேலணை ஆட்கள் கொழும்பு வரைக்கும், சிங்கள ஊர்கள் வரைக்கும் கடை வைத்தார்கள். கணக்கெழுதத் தெரிந்த பையன் கடைக்கு வேண்டும், கடிதம் வாசிக்கத் தெரிந்த பெண் வீட்டுக்கு வேண்டும். பள்ளியைத் தந்தவர்கள் ஆத்துமாவைக் குறிவைத்தார்கள், எடுத்துக்கொண்டவர்கள் பேரேட்டைக் குறிவைத்தார்கள். இதில் எனக்கு மறுப்பு ஒன்றுமில்லை.

1960-61இல் உதவி பெறும் பள்ளிகளை இலங்கை அரசு எடுத்துக்கொண்டபோது மிஷன் பள்ளிகளில் பெரும்பான்மை அரசிடம் போனது. அரசுக்கும் தீவைப் பார்க்கத் தெரியவில்லை. 1974இல் பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்டக் கோட்டா வந்தது. பின்தங்கிய மாவட்டங்களுக்கு வாய்ப்பு என்பது கொள்கையளவில் நியாயம்தான். கணக்கின் அலகு மாவட்டம். நெடுந்தீவும் எழுவைதீவும் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள். விஞ்ஞானக் கூடம் இல்லாத தீவுப் பள்ளிப் பிள்ளை, நூறு வருஷக் கல்லூரிகள் வரிசையாக நிற்கும் யாழ்ப்பாண நகரத்துப் பிள்ளையோடு ஒரே பட்டியலில். சேவை செய்ய வேண்டுமென்றால் அது தீவு, கோட்டா என்று வந்தால் அது யாழ்ப்பாணம்.

அப்புறம் கடலே மூடிக்கொண்டது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் குறைந்தது 23 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சொன்னார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் அரசு ஊழியர்களும் அன்றாடம் ஏறி இறங்கிய படகு அது. 1990க்குப் பிறகு தீவுகள் கடற்படை வசமாகி, சனங்கள் ஊரைவிட்டுப் போனார்கள். இன்றைக்குப் புங்குடுதீவுப் பள்ளிக்குக் கட்டடம் கட்டக் காசு வருவது டொராண்டோவிலிருந்தும் பாரிசிலிருந்தும். தீவுப் பிள்ளைகளே தீவுக்கு அனுப்புகிறார்கள்.

கெலமங்கலத்துக்குத் திரும்பினால், இங்கே தீவு மொழியால் ஆனது. தெலுங்கும் கன்னடமும் வீட்டில், தமிழ் பஸ்ஸில், இந்தியும் ஒடியாவும் இப்போது சிப்காட் தொழிலாளர் குடியிருப்புகளில். 2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பைத் தொட்டபோது, இந்த எல்லைப்புறத்துத் தெலுங்கு, கன்னடப் பிள்ளைகள் நீதிமன்றத்தில் விலக்குக் கேட்டு நின்றார்கள். தமிழ் படிப்பது அவர்களுக்கு நல்லது என்றே நானும் நினைக்கிறேன். அவர்கள் பள்ளிகளுக்குப் போதுமான தமிழ் வாத்தியார்களைப் போடாமல் பரீட்சையை மட்டும் போட்டது யார் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. நம்முடைய மொழிப்பற்றும் அங்கே சுண்ணாம்பும் காவியும் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறது.

முகாமின் கடைசி நாள் அந்த ஊர்க்காரர்கள் ராகிக் களியும் அவரைச் சாறும் செய்து போட்டார்கள். பேச்சுகள் நடந்தன, தமிழில். ஓசூர்ப் பையனை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அவன் அடுப்படியில் பெண்களோடு உட்கார்ந்து, வாத்தியார் வராததைப் பற்றி அதிகாரிக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தான். அவர்கள் கன்னடத்தில் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதி, மறுபடி கன்னடத்தில் வாசித்துக் காட்டினான். ரெண்டு இடத்தில் அவர்கள் திருத்தினார்கள். அறிக்கையில் அவன் பெயர் சமையல் குழுவில் இருக்கிறது.