மார்பகப் புற்றுநோயும் ஒரு பேரேடும்

நம் பெங்களூர்த் தமிழர்களில் ஓசூர் சாலைப் பக்கமுள்ள கித்வாய் மருத்துவமனையை அறியாதவர் குறைவு. 1973இல் தொடங்கிய அந்நிலையத்தில் 1982 முதல் ஒரு பேரேடு எழுதப்பட்டு வருவது பலருக்குத் தெரியாது. நகரத்தில் எத்தனை பேருக்கு எந்தப் புற்றுநோய் வந்தது என்ற கணக்கு அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை, பெங்களூர் ஆகிய இரண்டு ஊர்களிலும் ஒரே சமயத்தில் ஏற்படுத்தியது. காலமெல்லாம் கடைக்கணக்கு எழுதியவன் ஆகையால் எனக்கு இதில் தனி ஈடுபாடு. ஆரம்ப வருஷங்களில் இங்கே பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயே முதலிடம். பிறகு அது இறங்க, மார்பகப் புற்றுநோய் மேலே வந்துவிட்டது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியபோது, இந்த நோய் வந்தால் பிழைப்பதில்லை என்பதே ஊர் நம்பிக்கை. முற்றிய பிறகு வந்தால் வேறு எப்படி நினைப்பார்கள்? மார்பில் வரும் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததை நம் வீட்டுப் பெண்கள் வெளியே சொல்வதும் இல்லை.

முன்கூட்டியே தேடிப் பார்த்தால் சாவு குறையுமா என்று முதலில் பெரிய அளவில் சோதித்தது நியூயார்க்கில், 1963இல். சுமார் 62,000 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மேமோகிராம் படமும் மருத்துவர் பரிசோதனையும் செய்தார்கள். அந்தப் பிரிவில் இறப்பு குறைந்தது. ஆனால் அந்த இயந்திரத்தை நம் நாட்டில் ஊர் ஊராக வைக்க முடியுமா? மேலும் இங்கே இந்நோய் மேல்நாட்டைவிட ஏறத்தாழ பத்து வயது முன்னதாகவே வருகிறது. இள வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் படத்தில் கட்டி தெளிவாகத் தெரியாது.

ஆகவே மும்பை டாட்டா மருத்துவமனை 1998இல் வேறு வழியில் போனது. குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயதுவரை 1,51,538 பெண்கள். பள்ளிப் படிப்புள்ள பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாதிப் பேரைக் கையால் தடவிப் பார்க்கச் செய்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, நான்கு சுற்று. அவ்வளவுதான். 2021இல் முடிவு வந்தது. முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் மற்றப் பிரிவில் நூற்றுக்கு 47 பேர், இதில் 37 பேர். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவு. ஐம்பதுக்குக் கீழே இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அது கணக்கு!

மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 30 முதல் 65 வயதுவரை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இப்பரிசோதனை செய்யச் சொல்கிறது. மும்பையில் பலன் தந்தது இரண்டு வருஷ இடைவெளி. ஐந்து வருஷம் என்பது எனக்கு அதிகமாகவே படுகிறது.