உலர்ந்த செடியும் கல்லூரியின் பெயரும்

சுற்றுச்சூழலைப் பேணுவதால் ஒரு கல்லூரியின் பெயரும் ஆய்வும் உயருமா என்ற கேள்விக்குப் பழனி மலையின் வரலாற்றில் விடை இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பைசன், நீலகிரி, பழனி மலைமுகடுகளின் தாவரங்களைப் பற்றி 1915 முதல் 1920 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையினர் 1895-இல் நிறுவிய திரு இருதயக் கல்லூரியில், குருத்துவப் படிப்போடு செடிகளையும் உயிரினங்களையும் சேகரிக்கும் பழக்கமும் வேரூன்றி அருங்காட்சியகமாக வளர்ந்தது. அதே சபையைச் சேர்ந்த கே.எம். மேத்யூ, திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் உலர்தாவரக் காப்பகத்தைத் தொடங்கினார். பழனி மலைத் தாவரங்கள் பற்றிய அவருடைய பெருநூல் 1999-இல் வந்தது. பெயர் பெற்ற கல்லூரிக்குத்தான் இப்படிப்பட்ட பணி கைகூடும், பணியால் பெயர் வருவதில்லை என்று சிலர் சொல்லக்கூடும். வளனார் கல்லூரி 1844-இலேயே தோன்றியது உண்மைதான். ஆனால் உலகத் தாவரவியலாளர்கள் அதன் காப்பகத்தை ‘ஆர்.எச்.டி.’ என்ற மூன்றெழுத்துக் குறியீட்டால் அறிகிறார்கள். அந்த அடையாளத்தைக் கல்லூரியின் வயது தரவில்லை. உலர்த்தி ஒட்டிய செடிகள் தந்தன.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சேகரிப்பது வேறு, காப்பது வேறு. அறிஞர்கள் செடிகளுக்குப் பெயரிட்டுக்கொண்டிருந்த நூற்றாண்டில்தான் மலையின் புல்வெளிகள் மேல் வாட்டிலும் தைலமரமும் பைனும் நடப்பட்டன. ஆய்வு அதைத் தடுக்கவில்லை. இந்தக் குறையை மறைக்க முடியாது. ஆயினும் இழந்ததை மீட்க வேண்டுமானால், இழந்தது எது என்று முதலில் தெரியவேண்டும். எந்தச் செடி எந்த இடத்தில், எந்த நாளில் எடுக்கப்பட்டது என்று உலர்தாவரத் தாளின் ஓரத்துக் குறிப்பு சொல்கிறது. 1985-இல் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் உருவானது முதல், புல்வெளியையும் சோலைக்காட்டையும் மீட்க நினைக்கும் எவருக்கும் அந்தக் குறிப்பே முதல் வழிகாட்டி. காப்பு முயற்சி தொடங்கிய பிறகு பழைய சேகரிப்பின் மதிப்பு கூடியது. பழைய சேகரிப்பு இருந்ததால் காப்பு முயற்சிக்குத் திசை கிடைத்தது. ஆய்வும் பேணலும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்று பசுமையால் பெயர் தேட வேறு வழியும் உண்டு: இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010 முதல் கல்வி நிறுவனங்களின் பசுமை முயற்சிகளுக்கென்றே தரவரிசை வெளியிடுகிறது. அதில் இடம்பிடிக்கச் சூரியத் தகடு பதிப்பதும் மரக்கன்று நடுவதும் வீண் என்று நான் சொல்லமாட்டேன். மின்சாரம் மிச்சமாகும், நிழல் வளரும். ஆனால் அவை ஆய்வாக மாறவேண்டுமானால், நட்ட கன்று எது, பிழைத்தது எத்தனை, அதைத் தேடி வந்த பறவை எது என்று ஆண்டுதோறும் எழுதிவைக்கும் பொறுமை வேண்டும். பைசன் பார்த்த மலைமுகட்டில் அன்று என்ன பூத்தது என்று இன்று கேட்பவருக்கு விடை கிடைக்கிறது. நூறாண்டு கழித்து நம்மைக் கேட்பவருக்கும் விடை வைத்திருக்கும் கல்லூரியின் பெயரே நிலைக்கும்.