மொரினாகா பால்மாவு நச்சேற்றம்
1955ஆம் ஆண்டுக் கோடையில் மேற்கு ஜப்பானில் பால்மாவு குடித்த கைக்குழந்தைகளுக்கு நேர்ந்த ஆர்செனிக் நச்சேற்றம். பாலைத் திரியாமல் நிலைநிறுத்த, மொரினாகா நிறுவனத்தின் தொக்குஷிமா ஆலை சோடியம் பாஸ்பேட் சேர்த்துவந்தது. வாங்கியதோ தொழிற்சாலைத் தரச் சரக்கு; அலுமினியச் சுத்திகரிப்பின் கழிவிலிருந்து வந்தது. அதில் ஆர்செனிக் கலந்திருந்தது. குழந்தைகளுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தோல் கருத்தல், கல்லீரல் வீக்கம் கண்டன. ஆகஸ்டில் ஒக்காயாமா பல்கலைக்கழக மருத்துவர்கள் காரணத்தைக் கண்டறிந்தனர். பாதிக்கப்பட்டோர் 12,000க்கும் மேல். இறந்தோர் சுமார் 130. வேறு உணவே இல்லாத வயது என்பதால் நஞ்சு வேளைதோறும் உள்ளே போனது. பின்விளைவு இல்லையென்று அவசரமாகக் கோப்பு மூடப்பட்டது. 1969இல் வெளியான ஆய்வு அதைப் பொய்யாக்கியது. பாதிக்கப்பட்டோருக்கான ஹிக்காரி அறக்கட்டளை 1974இல்தான் உருவானது.